அப்பா பெயரில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: கோவையில் பவுண்டரி நடத்துகிறேன். வீட்டில் தினசரி உபயோகத்துக்கு ஒரு கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்ட, கூரையை மடக்கிவிடும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. பெங்களூருவில் ஒரு சான் ஸ்டார்ம் விலைக்கு வந்திருக்கிறது. 2001-இல் அங்கேயே பதிவானது. உரிமையாளர் 2019-இல் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். பதிவு 2016-லேயே முடிந்துவிட்டது, இன்ஷூரன்ஸும் இல்லை. வண்டி ஒரு மெக்கானிக் ஷெட்டில் கிடக்கிறது, துணிக்கூரை கிழிந்திருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டுவைத்த 29, 30 படிவங்கள் இருக்கின்றன, தேதியை மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் மகன். ரெனோ எஞ்சினுக்கு ஸ்பேர் கிடைக்காது, மாருதி எஞ்சின் ஏற்றித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். வின்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வாங்கலாமா? பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போனால் வரி வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்கலாம். ஆனால் இன்றைய தேதியில் அந்த மகனால் உங்களுக்கு விற்க முடியாது. முதலில் அதைப் பார்ப்போம். எஞ்சின், கூரை எல்லாம் அப்புறம்.

ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது இறந்தவரின் பெயர். அவர் உயில் எழுதாமல் போயிருந்து, அந்தக் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்றால், மனைவி, பிள்ளைகள், அவருடைய தாயார் என்று முதல் வகுப்பு வாரிசுகள் எல்லோருக்கும் அந்தக் காரில் பங்கு உண்டு. மகன் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் உங்களுக்கு வருவது அவருடைய பங்குதான். வெளிநாட்டில் இருக்கும் தங்கை ஒருவர் நாளைக்கு ‘அப்பாவின் காரை யாரைக் கேட்டு விற்றாய்’ என்று நோட்டீஸ் அனுப்பினால், அண்ணனோடு சேர்த்து உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார். காருக்காகவா வழக்குப் போடப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். வீட்டுப் பாகப்பிரிவினையில் மனக்கசப்பு இருந்தால் எதையும் விட மாட்டார்கள்.

அந்தக் கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கையால்கூடத் தொடாதீர்கள். 29 என்பது விற்பவர் ‘நான் இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன்’ என்று ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு. 2019-இல் இறந்தவர் இந்த வருடம் உங்களுக்கு விற்றதாக அதில் தேதி போடுவது பொய் ஆவணம் உருவாக்குவது. அதை அலுவலகத்தில் கொடுத்தால், போலி ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்திய குற்றமும் சேரும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இது குற்றம், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 336, 340 பிரிவுகளில் குற்றம்தான். ‘எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்று புரோக்கர் சொல்வார். மாட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டார்.

சரியான வழி 31-ஆம் படிவம். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாட்களுக்குள் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 56. இவர்கள் அந்தக் கெடுவை எப்போதோ தாண்டிவிட்டார்கள். தாமதத்துக்குப் பணம் கட்டி இப்போதும் மாற்றலாம். இறப்புச் சான்றிதழ், கர்நாடகாவில் வம்சவிருட்சம் என்று தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். அந்த வேலை மகனுடையது, செலவும் அவருடையது. ஆர்.சி.யில் பழைய பைனான்ஸ் அடமானக் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 35-ஆம் படிவத்தில் அதையும் அவரே நீக்கித் தர வேண்டும்.

அடுத்தது முடிந்துபோன பதிவு. சொந்த உபயோக வாகனத்துக்கு ஆர்.சி.யின் ஆயுள் 15 வருடம். அதன் பிறகு 25-ஆம் படிவம் கொடுத்து, மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்டால் 5 வருடத்துக்குப் புதுப்பிப்பார்கள். டெல்லியில் 15 வருடப் பெட்ரோல் கார்களுக்குத் தடை என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அது தலைநகர்ப் பகுதிக்கான உத்தரவு. பெங்களூருவுக்கும் கோவைக்கும் அது பொருந்தாது.

கட்டணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கையின்படி, 20 வருடத்தைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். அதுவே இறக்குமதி செய்த கார் என்றால் 80,000 ரூபாய். ஸ்டார்மின் எஞ்சின் பிரெஞ்சுக்காரர்களுடையது, பார்ப்பதற்கும் வெளிநாட்டு வண்டி மாதிரி இருக்கும். ஆனால் கார் இந்தியத் தயாரிப்பு. கவுன்டரில் யாராவது ‘இம்போர்ட்டட்’ என்று குறித்தால் ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் பெயரைக் காட்டி அங்கேயே திருத்துங்கள், 70,000 ரூபாய் வித்தியாசம். இதுபோக, தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் உண்டு. 2016-இல் இருந்து முழுவதும் எண்ணினால் அதுவே 50,000-ஐத் தாண்டிவிடும். எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள் என்பதை விலை பேசும் முன்பே அந்த அலுவலகத்தில் மகனைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையைக் காரின் விலையிலிருந்து கழிப்பதுதான் நியாயம்.

2001-ஆம் வருடத்துப் பதிவு என்பதால் பரிவாஹன் தளத்தில் எண்ணைத் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். பயப்பட வேண்டாம். அலுவலகத்தில் இருக்கும் பி-ரிஜிஸ்டர் நகலை வாங்கி, பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். அந்த நகலில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் இருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள். எண்ணின் மேல் செல்லோ டேப் ஒட்டி, பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்களே, அதை ஆய்வுக்கு முன்பே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஈரத்தில் நின்ற வண்டியில் துரு ஓர் எழுத்தைத் தின்றிருந்தால், ‘நான் பஞ்ச் அடித்துவிடுகிறேன்’ என்று மெக்கானிக் ஆர்வமாக வருவார். அனுமதியில்லாமல் சேசிஸ் எண்ணில் கை வைத்தால் நல்ல வண்டியும் திருட்டு வண்டியாகத்தான் தெரியும்.

மகன் பெயருக்கு மாறி, பதிவும் புதுப்பித்த பிறகு, வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்வதற்கான என்.ஓ.சி.யை 28-ஆம் படிவத்தில் அவர் வாங்க வேண்டும். திருட்டு வழக்கு எதிலும் இல்லை என்ற போலீஸ் சரிபார்ப்பும் அதில் அடக்கம். அதற்கப்புறம்தான் உயிருள்ள மனிதர் கையெழுத்திட்ட 29-உம் 30-உம். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. இங்கே வந்ததும் வண்டியின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரியும், 15 வருடம் தாண்டியதால் பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும். கர்நாடகாவில் கட்டிய வரியில் மிச்சம் திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இத்தனையும் முடியும்வரை பெரிய தொகை எதையும் கொடுக்க வேண்டாம். சிறு முன்பணம், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம், இன்ன தேதிக்குள் ஆவணங்கள் முடியாவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரி, இவ்வளவு போதும். தனியாரிடம் வாங்குவதால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது. பிரச்சினை வந்தால் சிவில் நீதிமன்றம்தான். அங்கே பேசப்போவது அந்த ஒப்பந்தம் மட்டுமே.

மெக்கானிக் ஷெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அவர் ஏற்கெனவே செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால், ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவின்படி பணம் வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை உண்டு. விற்பனை நடந்தால் அந்த உரிமை போய்விடாது. நீங்கள் டிரக்கோடு போய் நிற்கும்போதுதான் பாக்கிக் கணக்கு வெளியே வரும். வெறுமனே நிறுத்திவைத்ததற்கு ‘ஷெட் வாடகை’ என்று கேட்டால் அது வேறு. அப்படி ஒப்பந்தம் இல்லாதவரை அதற்காக வண்டியைப் பிடித்துவைக்க இந்தப் பிரிவு இடம் தராது. எப்படியும் ‘பாக்கி ஏதுமில்லை’ என்று அவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

மாருதி எஞ்சின் வேண்டவே வேண்டாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராக உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. அபராதத்தைவிடப் பெரிய சிக்கல் இன்ஷூரன்ஸ். எஞ்சின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாத வண்டிக்கு கிளெய்ம் போட்டால் சர்வேயர் முதல் பக்கத்திலேயே பேனாவை மூடிவிடுவார். அதே ரக ரெனோ எஞ்சின் வேறொரு வண்டியிலிருந்து கிடைத்தால் முன்அனுமதி வாங்கி மாற்றி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றலாம். துணிக்கூரையை அதே மாதிரி துணியால் தைத்துப் போடுவது வெறும் ரிப்பேர்தான், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கூரையை நிரந்தரமாக மூடி வண்டியின் வடிவத்தையே மாற்றினால் மீண்டும் 52-ஆம் பிரிவுக்கு வந்துவிடுவீர்கள்.

வின்டேஜ் பதிவு? முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் உருவில் இருக்கும் வண்டிக்குத்தான் அது. 2021 ஜூலையில் வந்த விதி. உங்கள் காருக்கு 2051-இல் வாய்ப்பு. கிடைத்தாலும் அதைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்று சில காரியங்களுக்கு மட்டுமே அனுமதி. ஞாயிறு காலை ஆனைகட்டிக்குப் போய் டீ குடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் அந்தக் காரைப் பெங்களூருவிலிருந்து ஓட்டிக்கொண்டு வரலாமா என்று மனதுக்குள் ஒரு சபலம் இருக்கும். டிரக்கில் ஏற்றியே கொண்டுவாருங்கள். பதிவில்லாமல் ஓட்டினால் முதல்முறை 5,000 ரூபாய் வரை, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 2,000 ரூபாய் என்ற அபராதமெல்லாம் சில்லறை. ஓசூர் தாண்டி ஒரு பைக்காரர் மேல் இடித்துவிட்டால் அந்த நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னபடி பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், அதனால் மகனின் குடும்பத்துக்கும் அது நல்லதல்ல. அவசரமாகப் பெயர் மாற்றித் தர அவர்களுக்கும் காரணம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பாலிசி எடுக்கும்போது, 1149 சி.சி. என்பதால் 1000-1500 சி.சி. வகுப்பில் மூன்றாம் நபர் பிரீமியம் வரும். 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை 3,416 ரூபாய். உங்கள் முதல் காரில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இருந்தால் இதற்குத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை; ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். முதல் காரின் நோ கிளெய்ம் போனஸை இதற்கும் சேர்த்துக் கேட்க முடியாது. ஓடும் தூரத்துக்கு ஏற்ற பிரீமியத்தையும், ஒரே உரிமையாளரின் வண்டிகளுக்குச் சேர்ந்த புளோட்டர் பாலிசியையும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு இரண்டையும் விசாரிக்கலாம்.

சொந்தச் சேதத்துக்கும் காப்பு எடுப்பதானால் வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். 5 வருடம் தாண்டிய, தயாரிப்பு நின்ற மாடல்களுக்கு அட்டவணை கிடையாது. அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் சான்றும் போட்டோக்களும் இணைத்துக் கேளுங்கள். கிளெய்ம் வந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 10 வருடம் தாண்டிய வண்டியின் உலோக பாகத்தில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக்குக்கும் பாதி. ஃபைபர் கிளாஸ் பாகத்துக்கு மட்டும் 30 சதவீதம். ஸ்டார்மின் பாடி ஃபைபர் என்பது இங்கே உங்களுக்கு லாபம். பில் போடும் பட்டறை ‘பிளாஸ்டிக் பம்பர்’ என்று எழுதாமல், உள்ளது உள்ளபடி ‘ஃபைபர் கிளாஸ்’ என்று எழுதட்டும்.

கடைசியாக வரி. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார் மூலதனச் சொத்து ஆகாது, எனவே விற்று வரும் லாபத்துக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. ஆனால் ‘சொந்த உபயோகம்’ என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931-ஆம் வருடத்து ஃபோர்டு காரை ஒருவர் 21 லட்சத்துக்கு விற்ற வழக்கில், மும்பை உயர் நீதிமன்றம் 2025-இல் வரி உண்டு என்றது. அவர் வேலைக்குப் போய்வந்தது கம்பெனிக் காரில். பழைய காரைச் சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை. ஓட்ட முடியும் என்பது போதாது, ஓட்டியிருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். இரண்டாவது காராக வைத்திருக்கும் உங்களுக்கு இது அப்படியே பொருந்தும். ஆகவே பாலிசி, புகைச் சான்று, சர்வீஸ் பில், பெட்ரோல் பங்க் ரசீது எல்லாவற்றையும் அந்தக் கார் பெயரில் தனி ஃபைலாக வையுங்கள். பவுண்டரிக் கணக்கில் மட்டும் அந்தச் செலவுகளை எழுதிவிடாதீர்கள். எழுதினால் சொந்த உபயோகம் என்ற வாதம் உங்கள் ஆடிட்டர் கையாலேயே போய்விடும்.