வளரும் அணைகள்

குரோவாசியா நாட்டின் பிளிட்விட்சே ஏரிப்பகுதி 1949இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே 16 ஏரிகள் படிக்கட்டுகள்போல ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. ஓர் ஏரியின் நீர் அருவியாக வீழ்ந்து அடுத்த ஏரியை நிரப்புகிறது. பயணிகள் மரப்பலகைப் பாதையில் நடந்து, 78 மீட்டர் உயரமுள்ள பேரருவியையும் கண்டு மகிழ்வர்.

இவ்வேரிகளைத் தாங்கும் அணைகளை மனிதர் கட்டவில்லை. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு பாசிகளின்மீது படிந்து கல்லாகிறது. அதனால் அணைகள் இன்றும் மெல்ல வளர்கின்றன. பல்லாண்டுகளாக வளர்ந்ததை ஒருவரின் காலடி நொடியில் நொறுக்கிவிடும். ஆகவே அங்கு நீந்துதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பாதையைவிட்டு இறங்காமல் நடப்பதே அவ்வணைகளைக் காக்கும் வழியாகும்.

வினாக்கள்:
1. அணைகள் எவ்வாறு உருவாகின்றன?
2. ஏரிகளில் நீந்துவதற்குத் தடை ஏன்?