முதல் வெடிப்புக்குப் பிறகு

வீட்டிலேயே காபிக்கொட்டை வறுக்க ஆசை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "பால் ஊற்றிக் குடிப்பீர்களா, ஊற்றாமலா?" என்பதுதான். கொட்டை எங்கே கிடைக்கும், எதில் வறுக்கலாம் என்பதெல்லாம் அப்புறம். காணொளிகளைப் பார்த்து இளம்பழுப்பாக வறுத்து, அதை நம் எவர்சில்வர் ஃபில்டரில் போட்டு இறக்கி, மேலே முக்கால் டம்ளர் பாலை ஊற்றுகிறார்கள். வாயில் வைத்தால் தண்ணீராக, ஒரு புளிப்போடு இருக்கிறது. "இதற்குப் பொடிக்கடையே தேவலாம்" என்று பழைய கடைக்கே போய்விடுகிறார்கள். வறுவலில் குற்றமில்லை. அது பாலில்லாமல், காகித வடிகட்டியில் இறக்கிக் குடிக்கிறவர்களுக்கான வறுவல்.

பச்சைக் கொட்டையில் அமிலங்கள் நிறைய. வறுக்க வறுக்க அவை சிதைந்து குறையும். கசப்பும் கனமும் ஏறும். கறுப்புக் காபியில் அந்த அமிலம் பழச்சுவையாகத் தெரியும். பாலில் அதுவே துருத்திக்கொண்டு நிற்கும். கசப்பும் கனமும்தான் பாலையும் சர்க்கரையையும் தாண்டி நாக்குக்கு வந்து சேரும். ஆகவே டம்ளரை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி டிகாக்‌ஷன், அரைப்பு, வறுவல், கொட்டை என்று போவதுதான் சரியான வழி என்பது என் கட்சி. ஆனால் வேலை நடப்பது நேர்வரிசையில் என்பதால் நானும் கொட்டையிலிருந்தே சொல்கிறேன்.

மதுரைக்காரர்களுக்கு மலை பக்கத்திலேயே இருப்பது ஒரு வசதி. வத்தலக்குண்டைத் தாண்டி மேலே ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலையெங்கும் காபித் தோட்டங்கள். நிழல் மரங்களுக்கு அடியில் மிளகு, ஆரஞ்சு, மலைவாழையோடு கலந்து வளர்கிற அராபிகா. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில்தான் இருக்கிறது. அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியில் கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கிறார்கள். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு, கோவைக்காரர்களுக்கு வால்பாறையும் நீலகிரியும் இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் பழைய பொடிக்கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். வறுத்து அரைத்துத் தருகிற கடை எதிலும் பச்சைக்கொட்டை மூட்டை இருக்கத்தானே வேண்டும். நான் முதன்முதலில் கேட்டபோது கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார்.

"பச்சையாவாம்மா? வறுத்தே தர்றேனே, எதுக்கு சிரமம்?"

"நானே வறுத்துப் பாக்கலாம்னுதான் அண்ணாச்சி."

"அப்ப பீபெரி எடுத்துட்டுப் போங்க. அதுதான் பதமா வறுபடும்."

அவர் சொன்னது உண்மை, காரணமும் எளிது. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை, ஒரு பக்கம் தட்டையாக, முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு இருக்கும். சில பழங்களில் ஒன்றுதான் விளையும். அது உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. ருசியில் அது உசத்தி என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் வாணலியில் தட்டைக் கொட்டை முகம் குப்புற விழுந்து ஒரே இடத்தில் கருகும். பீபெரி உருண்டுகொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் சூடு பிடிக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

கடையில் காதில் விழும் மற்றப் பெயர்களும் தெரிந்திருந்தால் நல்லது. பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகாதான் பிளான்டேஷன்; அளவைப் பொறுத்து ஏ, பி, சி. பழத்தோடு அப்படியே காயவைத்தது செர்ரி. ரொபஸ்டாவில் கசப்பும் நுரையும் கனமும் அதிகம், காஃபீனும் அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரொபஸ்டாவை மட்டமாகப் பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. பால் காபிக்கு நாலில் ஒரு பங்கு நல்ல ரொபஸ்டா சேர்த்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அராபிகா அறுவடை பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. பிப்ரவரி, மார்ச்சில் புதுக்கொட்டை கடைக்கு வரும். பச்சைக்கொட்டை காற்றாடும் துணிப்பையில், ஈரம் படாத இடத்தில் ஒரு வருடம் நன்றாகவே இருக்கும். வறுத்த கொட்டைக்கு ஆயுள் சில வாரம். அரைத்த பொடிக்குச் சில நாள். வீட்டில் வறுப்பதன் லாபம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

வறுக்கும் முன் கொட்டையைத் தாம்பாளத்தில் பரப்பிப் பொறுக்குங்கள். கறுத்தது, உடைந்தது, பூசணம் பிடித்தது, குண்டூசி முனை அளவு துளை விழுந்தது எல்லாம் வெளியே. அந்தத் துளை காய்த்துளைப்பான் வண்டின் வேலை. 1990இல் கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்டது, இன்று தோட்டக்காரர்களுக்குத் தீராத தலைவலி. ஒரு கைப்பிடி கெட்ட கொட்டை முழு ஈட்டையும் கெடுத்துவிடும் என்பதால் இந்த வேலையில் நான் சலுகை காட்டுவதில்லை.

பாத்திரத்துக்குச் செலவு வேண்டாம். கனமான இரும்பு வாணலி, நீளப்பிடி மரக்கரண்டி, அவ்வளவுதான். பழைய வீடுகளில் கரியடுப்பின் மேல் வைத்துச் சுழற்றுகிற உருளை இருந்தது. அது கிடைத்தால் பாக்கியம். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டுக்கு அந்தப் பூச்சு ஆகாது. ஒரு ஈட்டுக்கு 200 கிராம். அதற்கு மேல் போட்டால் கை ஓயும், வறுவலும் திட்டுத் திட்டாக நிற்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கடைசி மூன்று நிமிடம் புகை வரும். மாடிவீட்டுப் பெரியவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது.

வாணலி காய்ந்ததும் கொட்டையைப் போட்டு, மிதமான தீயில் நிறுத்தாமல் கிளற வேண்டும். முதலில் பச்சைப்புல் வாசனை. நாலைந்து நிமிடத்தில் கொட்டை மஞ்சளாகும், ஈரம் போகும். பிறகு நிறம் பழுப்புக்கு மாறி, ரொட்டி சுடுகிற வாசனை வரும். வெள்ளித்தோல் உரிந்து பறக்க ஆரம்பிக்கும். ஒன்பது, பத்து நிமிடம் வாக்கில் முதல் வெடிப்பு. சோளம் பொரிகிற மாதிரி நிதானமாக, ஒவ்வொன்றாக, சத்தமாக வெடிக்கும். கொட்டையின் உள்சூடு அப்போது சுமார் 196 டிகிரி. உள்ளே நீராவியும் வாயுவும் முட்டி, கொட்டை உப்பிப் பிளக்கிற சத்தம் அது. இதற்கு முன் இறக்கினால் அது காபியே இல்லை.

முதல் வெடிப்பு ஏழு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தீ அதிகம்: வெளியே கறுப்பு, உள்ளே பச்சை. ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தால் நடுப்பாகம் வெளிறி இருக்கும். பதினைந்து நிமிடமாகியும் வராவிட்டால் தீ போதவில்லை. வாசனையெல்லாம் மெதுவாக வெளியேறி, கடைசியில் அட்டைச் சுவைதான் மிஞ்சும். நடுவில் அடுப்பை அணைத்துவிட்டுப் போன் பேசிவிட்டு வந்து மறுபடி பற்றவைக்கிற வேலையும் ஆகாது.

முதல் வெடிப்பு அடங்கிய பின் ஒரு அமைதி. இந்த இடைவெளியில்தான் உங்கள் காபி தீர்மானமாகிறது. ஒன்றரை, இரண்டு நிமிடம் கழித்து இரண்டாம் வெடிப்பு தொடங்கும். அது மெல்லிய, நொறுநொறுவென்ற, அடுத்தடுத்து வருகிற சத்தம். சூடு சுமார் 225 டிகிரி. பால் காபிக்கு என் பதம், இரண்டாம் வெடிப்பின் முதல் நாலைந்து சத்தம் காதில் விழுந்ததும் இறக்குவது. கொட்டை கரும்பழுப்பாக இருக்கும், எண்ணெய் கசிந்திருக்காது. எண்ணெய் பளபளக்கும் வரை விட்டால் தோட்டம், ரகம், மண் எல்லாம் ஒன்றாகிவிடும். தாண்டிக்குடிக் கொட்டையும் குடகுக் கொட்டையும் ஒரே கரிச்சுவையில் முடியும். அதற்கு நல்ல கொட்டை வாங்கியிருக்கவே வேண்டாம்.

இறக்குவது என்றால் அடுப்பை அணைப்பது இல்லை. இரும்பும் சூடு, கொட்டையும் சூடு. வாணலியிலேயே விட்டால் வறுவல் தானாக இன்னொரு நிலை ஏறிவிடும். உடனே பெரிய கண்ணுள்ள சல்லடையில் கொட்டி, மின்விசிறிக்கு அடியில் உலுக்க வேண்டும். நாலு நிமிடத்துக்குள் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிட வேண்டும். வெள்ளித்தோலைப் போக்க வெளிநாட்டுக்காரர்கள் என்னென்னவோ கருவி சொல்கிறார்கள். நம் வீட்டில் முறம் இருக்கிறது. பால்கனியில் நின்று நாலு புடை புடைத்தால் தீர்ந்தது.

ஆறியபின் எடை போடுங்கள். வெப்பமானி இல்லாதவர்களுக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது. 200 கிராம் பச்சைக்கொட்டை 172 கிராம் ஆனால் இடைத்தர வறுவல், 166 வாக்கில் வந்தால் பால் காபிக்கான பதம், 160க்குக் கீழே போனால் கரும்வறுவல். நிறத்தை அடுக்களை வெளிச்சம் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. ஒவ்வொரு ஈட்டுக்கும் எடையையும் நேரத்தையும் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைத்தால், நன்றாக வந்ததை மறுபடி வரவழைக்கலாம். பீபெரியும் பிளான்டேஷனும் ரொபஸ்டாவும் கலப்பதானால் தனித்தனியாக வறுத்துவிட்டுக் கலக்க வேண்டும். ஒவ்வொன்றும் சூடு பிடிக்கிற வேகம் வேறு.

அன்றே அரைத்துக் குடிக்கிற ஆசையை அடக்குங்கள். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும். உடனே ஃபில்டரில் போட்டால் பொடி பொங்கி எழுந்து தண்ணீரை ஒழுங்காக இறங்க விடாது. ஒரு நாள் பொறுத்தால் நல்லது, இரண்டு நாள் இன்னும் நல்லது. டப்பாவை முதல் நாள் இறுக்கி மூடாதீர்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். எடுத்து எடுத்து வைக்கும்போது ஈரம் கோத்துக்கொள்ளும், கூடவே நேற்றைய சாம்பார் வாசனையும்.

அரைப்பு பொடியுப்பைவிடச் சற்று நைசாக இருக்க வேண்டும், மாவாகக் கூடாது. மிக்ஸியில் அரைக்கலாம், விட்டுவிட்டு, ஜாரைக் குலுக்கிக் குலுக்கி, சூடேறாமல். கையால் சுற்றுகிற கிரைண்டர் ஒன்று வாங்கினால் அதற்குப் போட்ட காசு வீண்போகாது.

சிக்கரி பற்றி ஆளுக்கொரு கொள்கை. கலப்படம் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அது ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது, காஃபீன் கிடையாது. தண்ணீரில் கரைகிற பொருள் அதில் காபியைவிட மிக அதிகம் என்பதால் டிகாக்‌ஷன் கறுத்து, கெட்டியாக வரும். நீரை உறிஞ்சி உப்பி, இறங்குகிற வேகத்தையும் குறைக்கும். நூற்றுக்கு 10, 15 என்று சேர்த்தால் பால் காபிக்கு நன்றாகவே இருக்கிறது. அதற்கு மேல் போனால் காபியை அது விழுங்கிவிடும். கடைப்பொடி வாங்குகிறவர்கள் உறையைப் படியுங்கள்: கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த 51இலேயே நிற்கிற பொடிகளும் இருக்கின்றன. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தால் காபி மிதக்கும், சிக்கரி நிறம் விட்டுக்கொண்டே அடியில் போகும். வீட்டில் சிக்கரியைத் தனி டப்பாவில் வையுங்கள், ஈரம் பட்டால் கட்டியாகிவிடும்.

ஃபில்டருக்கு என் அளவு 40 கிராம் பொடிக்கு 200 மில்லி தண்ணீர். பொடி ஏறக்குறைய தன் எடையைப்போல் இரண்டு பங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 120 மில்லி டிகாக்‌ஷன் கிடைக்கும், மூன்று டம்ளருக்கு அது கணக்கு. பொடியைப் போட்டுத் தட்டிச் சமன் செய்து, குடையை லேசாக வைத்து, கொதித்து அடங்கிய தண்ணீரில் கொஞ்சத்தை மட்டும் முதலில் ஊற்றுங்கள். அரை நிமிடம் ஊறட்டும். பிறகு மீதியை. இருபதிலிருந்து முப்பது நிமிடத்தில் இறங்கினால் எல்லாம் சரி. ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டால் அரைப்பு கொரகொரப்பு. ஒரு மணி நேரம் சொட்டினால் நைசு, அல்லது துளைகள் அடைத்திருக்கின்றன. துளை அடைத்தால் மேல்பாத்திரத்தைச் சிறு தீயில் காட்டிச் சுட்டு, தட்டிக் கழுவினால் திறந்துகொள்ளும். சிக்கரி சேர்க்காதவர்கள் இன்னும் சற்று நைசாக அரைத்துக்கொள்ள வேண்டும்.

டிகாக்‌ஷனை அடுப்பில் வைத்துச் சுட வைக்காதீர்கள். ஆறிப்போனால் கிண்ணத்தோடு வெந்நீரில் இறக்கி வைத்தால் போதும். பாலை ஒருமுறை பொங்கவிட்டு உடனே கலக்க வேண்டும். காய்ந்து காய்ந்து ஏடு கட்டிய பாலில் எந்தக் கொட்டையும் எடுபடாது. இரண்டாம் டிகாக்‌ஷனுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. விருந்தாளி எதிர்பாராமல் வந்தாலும் புதிதாக இறக்குவதுதான்.

என் மகளுக்குப் பால் ஆகாது. அவள் கறுப்பாக, சர்க்கரை இல்லாமல், காகித வடிகட்டியில் இறக்கிக் குடிக்கிறாள். அவளுக்கும் அதே பண்ணைக்காட்டு பீபெரி, அதே வாணலி. ஆனால் முதல் வெடிப்பு அடங்கியதுமே அவள் பங்கைச் சல்லடையில் கொட்டிவிடுகிறேன், 172, 173 கிராம் நிற்கும். அதில் ஒரு எலுமிச்சைச் சாயல் இருப்பதாக அவள் சொல்கிறாள், எனக்கும் தெரிகிறது. அதையே என் டம்ளரில் பாலோடு கலந்து கொடுத்தால் நான் குடிக்கமாட்டேன். எனக்கான ஈடு இன்னும் ஒன்றரை நிமிடம் அடுப்பில் இருக்கும்.