மணல் சுடுது, தண்ணி ஏன் சுடலை?



சித்திரை மாசம் மத்தியானத்தில் பவானி ஆற்றுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கரை மணலில் செருப்பு இல்லாமல் நிற்க முடியாது, குதிச்சுக்கிட்டே ஓடணும். தண்ணீரில் கால் வைத்தால் ஜில்லுன்னு இருக்கும். இரண்டுக்கும் வெயில் ஒண்ணுதானுங்களே! அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம் தன் வெப்ப ஏற்புத்திறன். பேர்தான் பெருசு, விஷயம் சின்னது. 1 கிலோ பொருளை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுதான் அது. தண்ணீருக்குச் சுமார் 4,200 ஜூல் வேண்டும். காய்ந்த மணலுக்குச் சுமார் 800 ஜூலே போதும். அதாவது 1 கிலோ தண்ணீரை 1 டிகிரி ஏற்றுகிற வெப்பம், 1 கிலோ மணலை 5 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும்.

அது மட்டும் இல்லை. மணலில் விழுகிற வெயில் மேல் மண்ணிலேயே நின்றுவிடும். ஒரு முழம் தோண்டிப் பாருங்கள், உள்ளே குளுகுளுன்னு இருக்கும். தெளிந்த தண்ணீரிலோ வெளிச்சம் ஆழமாக இறங்குகிறது. தண்ணீர் ஓடி, கலந்து, சூட்டைப் பங்கு போட்டுக் கொள்கிறது. கொஞ்சம் ஆவியாகவும் போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாவதால்தான்.

ராத்திரியில் இது அப்படியே தலைகீழ். மணல் சீக்கிரம் ஆறிவிடும், தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். மார்கழி விடியக்காலம் ஆற்றில் ஆவி பறக்கிறதே, அப்போது காற்றைவிட தண்ணீர்தான் சூடு!

ஒரே மாதிரி இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் மணலும் ஒன்றில் தண்ணீரும் சம எடைக்குப் போட்டு ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். விரலை விட்டாலே தெரிந்துவிடும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சென்னையில் பகலில் தரை சுட்டதும் அதன் மேல் உள்ள காற்று லேசாகி மேலே போகிறது. அந்த இடத்துக்குக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இதுதான் கடற்காற்று. மே மாதத்தில் மேற்கே இருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால், கடற்காற்று வர நேரமாகிவிடும். அன்றைக்கு வெயில் கொளுத்தி எடுத்துவிடும். 2003 மே கடைசியில் அங்கே 45 டிகிரி வரை போயிருக்கிறது.

இதே வேலை நாடு முழுவதுக்கும் பெரிய அளவில் நடக்கிறது. கோடையில் வட இந்தியத் தரை கடலைவிட அதிகமாகச் சுட்டு, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. இந்தியப் பெருங்கடல் காற்று ஈரத்தோடு அங்கே கிளம்பி வருகிறது. பூமி சுற்றுவதால் அது வளைந்து தென்மேற்கில் இருந்து வீசுகிறது. (பருவமழைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான்.) அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, நீலகிரியிலும் கேரளாவிலும் மழையாகக் கொட்டுகிறது. நம் சத்தியில் அப்போது தூறலோடு சரி. ஆனால் அந்த மலைத் தண்ணீர்தான் பவானியிலும் மாயாற்றிலும் வந்து பவானிசாகர் அணையை நிரப்புகிறது.

1955-இல் கட்டி முடித்த அந்த அணையின் முழுக் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் இருக்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். ஜூன், ஜூலையில் மலையில் மழை குறைந்தால், "தண்ணி உடுவாங்களா?" என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு.

ஐப்பசிக்குள் வடக்கே தரை கடலைவிட வேகமாக ஆறிவிடுகிறது. காற்றும் திரும்பி வடகிழக்கில் இருந்து வங்கக் கடல் ஈரத்தோடு வருகிறது. நம்ம ஊரே நனைகிற மழை அந்த மழைதானுங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவி