உலர்ந்த எலும்புகளும் அப்பாவின் ஸ்கூட்டரும்

வேத பகுதி: எசேக்கியேல் 37:1-10, மத்தேயு 5:23, 24



போன மாதம் உபவாச ஜெபத்தில் என் சாட்சியைக் கேட்ட சகோதரர்கள், "இதை எழுதிக் கொடுங்க, வராதவங்களும் படிக்கட்டும்" என்றார்கள். எனக்குப் பிரசங்கம் பண்ண வராது. ஸ்பானர் பிடிக்கிற கை. ஆகவே வண்டியை வைத்தே சொல்லுகிறேன், வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் அப்பா 1984 மாடல் பஜாஜ் சேத்தக் வைத்திருந்தார். உப்பளத்துச் சம்பளத்தில் சீட்டுப் போட்டு வாங்கியது. தூத்துக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்த வீட்டுக் கூட்டங்களுக்கெல்லாம் அந்த வண்டிதான் போகும். முன்னால் நானோ தம்பியோ நின்றுகொண்டு போவோம், பின்னால் அம்மா, அம்மா மடியில் கஞ்சிரா. 2009-இல் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு வண்டி கொட்டகையில் நின்றது. கடற்கரை ஊர்களில் இரும்பு நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷம் உப்புக் காற்று தின்றது.

2021-இல் கொரோனா அடைப்பு நேரத்தில் அதைப் பிரித்தோம். நானும் தம்பியும். அவன் சபைக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. டிங்கரிங் வேலையில் நல்ல கைக்காரன், அதனால் கூப்பிட்டேன், வந்தான்.

சேத்தக்கைப் பற்றி ஒரு காரியத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குக் குழாயில் செய்த ஃபிரேம் தனியாக இருக்கும், அதன்மேல் மற்றதெல்லாம் மாட்டுவார்கள். இதற்கு அப்படி இல்லை. 1946-இல் இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ என்பவர் விமானப் பொறியாளர். விமானத்தில் மேல் தகடே பாரத்தைச் சுமக்கிற மாதிரி, ஸ்கூட்டரிலும் அழுத்தி வளைத்த இரும்புத் தகட்டையே உடம்பாகவும் எலும்பாகவும் வைத்துவிட்டார். பஜாஜ் கம்பெனி முதலில் வெஸ்பாவைத்தான் லைசென்ஸ் வாங்கிச் செய்தது. 1972-இல் வந்த சேத்தக்கும் அந்த வழி வந்ததுதான். ஆகவே இந்த வண்டியில் துரு மேலோடு நிற்காது. தோலில் துரு பிடித்தால் எலும்பில் பிடித்தது என்று அர்த்தம்.

கேபிள்களைக் கழற்றி, ஒரு நீள போல்ட்டையும் ஷாக் அப்சர்பர் போல்ட்டையும் உருவினால் இன்ஜின் கீழே வந்துவிடும். ஹேண்டில், ஃபோர்க், சீட், டேங்க், ஒயரிங் எல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் கூடு. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். எசேக்கியேல் பள்ளத்தாக்கில் பார்த்த எலும்புகள் மிகவும் உலர்ந்திருந்தன என்று வேதம் சொல்லுகிறதே, அது எனக்கு அன்றைக்குத்தான் கண்ணால் தெரிந்தது. கர்த்தர் அவனை அந்த எலும்புகளைச் சுற்றி நடக்கப் பண்ணினார். எடுத்த உடனே தீர்க்கதரிசனம் உரைக்கச் சொல்லவில்லை. முதலில் பார்க்கச் சொன்னார். நாம்தான் பார்க்காமலே பெயிண்ட் அடிக்க ஓடுகிறோம்.

தம்பி பெயிண்ட் ரிமூவர் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தான். பிரேக் பெடல் பக்கத்தில், கால் வைக்கிற தரையில் தகரம் வரவில்லை. வெள்ளையாய்ப் பட்டி வந்தது. சுரண்டச் சுரண்ட விரல் தடிமனுக்குப் பட்டி. அதன் கீழே கோணலாக வெல்டிங் வைத்த ஒட்டுத் துண்டு, அதைச் சுற்றி இரும்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஈரத்தை வைத்து மூடியிருக்கிறார்கள்.

தம்பி உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இது யார் போட்ட பட்டின்னு உனக்குத் தெரியும்ல, அண்ணே."

தெரியும். 1991-இல் நான் அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துப் போய் ஒரு பாலத்துச் சுவரில் இடித்தேன். தரை கிழிந்தது. ஒரு பட்டறையில் கெஞ்சி ஒட்டுப் போட்டு, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரு வாரம் கழித்து அப்பா கண்டுபிடித்துக் கேட்டபோது, தம்பிதான் எடுத்துக்கொண்டு போனான் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா பெல்ட்டால் அடித்தார். அதற்குப் பிறகு அவன் கையில் சாவி கொடுத்ததே இல்லை. அவன் சபைக்கு வருவதை நிறுத்தியது அந்த வருஷம்தான். நான் அதே வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன், பிறகு பாடல் குழுவில் சேர்ந்தேன். அப்பா அந்தப் பொய்யை நம்பியபடியே போய்விட்டார். அதை இனி நான் சரி பண்ண முடியாது.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருகிறவனுக்கு நினைவு வருகிறது. என்ன நினைவு? தனக்குச் சகோதரன்மேல் உள்ள குறை அல்ல, சகோதரனுக்குத் தன்மேல் உள்ள குறை. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். நான் அதுவரை என் மனதில் யார்மேலும் கசப்பு இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இருக்காதே! கசப்பு அவனிடத்தில் அல்லவா இருந்தது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டவர். கொடுத்து முடித்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை.

நான் தரையில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். அழுதேன். அவன் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று வாரம் வரவில்லை.

அந்த மூன்று வாரமும் நான் இன்ஜினைப் பார்த்தேன். பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊறவைத்துத்தான் அசைக்க முடிந்தது. லேத்தில் கொடுத்து போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், பேரிங், ஆயில் சீல். இங்கே ஒரு பாடம் உண்டு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு ஆயில் தனியாக ஊற்றி வைக்கிற இடமே கிடையாது. ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலோடும் 20 மில்லி ஆயில் கலந்தே போக வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓட்டினாலும் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடும், பிறகு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 1991 கன்வென்ஷனில் பெற்ற அபிஷேகத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது உறைத்தது. அன்றன்றைக்குக் கலக்க வேண்டிய எண்ணெய் அது.

நாலாவது சனிக்கிழமை தம்பி வந்தான். ஒன்றும் பேசவில்லை. கொண்டுவந்த தகட்டை வைத்து அளந்தான். அழுகிய தரையை முழுக்க வெட்டி எடுத்தான். நான் பயந்து "கொஞ்சம் விட்டுவைடா" என்றேன். "நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டணும், இல்லன்னா வெல்டிங் எதுல பிடிக்கும்?" என்றான். ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு பெயிண்ட். அதன் பிறகுதான் கியர் கேபிள் ரெண்டு, கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர், ஒயரிங் எல்லாம் கூட்டுக்குள்ளே கோர்க்க முடியும். எசேக்கியேலில் நரம்பு முதலில், தோல் கடைசியில். சேத்தக்கில் தோல் முதலில், நரம்பு பிறகு. எல்லாவற்றுக்கும் ஆவிக்குரிய அர்த்தம் தேடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

ஆனால் ஒன்று பொருந்தும். எலும்பு சேர்ந்து, நரம்பும் மாம்சமும் தோலும் மூடிய பிறகும் அவைகளில் ஆவி இல்லாதிருந்தது. எங்கள் வண்டியும் எல்லாம் மாட்டி முடித்து, பளபள என்று, செத்த மாதிரி நின்றது. முப்பது தரம் உதைத்தேன். தம்பி என்னை விலக்கிவிட்டு, அப்பா செய்கிற மாதிரியே வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி ஒரு உதை விட்டான். புகை கக்கிக்கொண்டு பிடித்துவிட்டது. அம்மா உள்ளே இருந்து "யாரு, அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அவன் இன்னும் சபைக்கு வரவில்லை. வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. வாரிசு பெயருக்கு மாற்றுகிற பாரம் 31-இல் அவன் பெயரை எழுதி, வாரிசுச் சான்றும் வாங்கிவிட்டேன், ஆட்சேபணை இல்லை என்று அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. சாவியை அவன் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஜெபத்தில் எங்கள் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.