காய்ச்சல் மருந்தும் கல்லீரலும்

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சியை அடைய, மலைப்பாதையில் இறங்கிக் கச்சிராயப்பாளையம் வழியாக வர வேண்டும். மழை பெய்யும் இரவில் குழந்தையின் உடல் கொதித்தால், பெற்றோரின் கை முதலில் நாடுவது வீட்டிலிருக்கும் மருந்துப் புட்டியையே. அதிலிருப்பது பெரும்பாலும் பாராசிட்டமால்.

உரிய அளவில் இது பாதுகாப்பான மருந்து. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் தருவர். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருவேளை அளவு 120 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது.

இடர் தோன்றுவது புட்டியில்தான். இம்மருந்து சிரப்பாகவும் சொட்டு மருந்தாகவும் விற்கப்படுகிறது. சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் மருந்து இருக்கும். சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். கைக்குழந்தைக்கு உரியது ஆதலால் சொட்டு மருந்து வீரியம் குறைந்தது என எண்ணுவது இயல்பு. உண்மை நேர்மாறானது, சில துளிகளிலேயே முழு அளவும் உட்செல்ல வேண்டும் என்பதற்காக அது செறிவாக்கப்பட்டது. அதனை 5 மில்லிலிட்டர் கரண்டியால் அளந்து ஊட்டினால் 500 மில்லிகிராம் சென்றுவிடும். நாளுக்கு நான்கு முறை எனில் 2000 மில்லிகிராம்! இக்குழப்பத்தைத் தவிர்க்கவே அமெரிக்க மருந்து நிறுவனங்கள் 2011இல் குழந்தைகளுக்கான திரவ வகைகளை ஒரே செறிவுக்கு மாற்ற முன்வந்தன. சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உட்சென்ற மருந்தில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. குளுடாதயோன் என்னும் பொருள் அந்நச்சை உடனே முறிக்கும். அளவு மிகும்போது குளுடாதயோன் தீர்ந்து, கல்லீரல் செல்கள் மடியத் தொடங்குகின்றன. காய்ச்சலால் சில நாள் உணவே கொள்ளாத குழந்தையிடமும், ஊட்டம் குன்றிய குழந்தையிடமும் இக்காப்புப் பொருள் முன்னரே குறைந்திருக்கும். மிகை அளவால் கல்லீரல் அழிவதை மருத்துவ உலகம் 1966இல்தான் முதன்முதலில் பதிவு செய்தது.

கொடுமை யாதெனில், முதல் நாளில் வாந்தியும் சோர்வும் மட்டுமே தென்படும். காய்ச்சலின் களைப்பென்றே வீட்டார் கொள்வர். மஞ்சள் காமாலை தோன்றுவதற்குள் இரண்டு மூன்று நாள்கள் கடந்துவிடும். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. ஒரே முறையில் மிகுதியாக உட்கொண்ட குழந்தைக்கு எட்டு மணி நேரத்திற்குள் அதைத் தொடங்கினால் பெரும்பாலும் கல்லீரலைக் காக்கலாம். சிறுவங்கூரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புட்டியையும் அளந்த கரண்டியையும் உடன் எடுத்துச் சென்றால், எவ்வளவு மருந்து உட்சென்றது என்று மருத்துவர் கணக்கிட இயலும். மலையில் பொழுது விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த எட்டு மணி நேரம் கழிந்துவிடும்.