ஐந்து வருட இன்சூரன்ஸும் ஜீரோ முன்பணமும்

ஜூன், ஜூலையில் பாளையங்கோட்டைக் கல்லூரிகள் திறந்ததும் வாசலில் புது பைக்குகள் வரிசை கட்டி நிற்கும். பாதி வண்டி, கூட்டாளி வாங்கிவிட்டான் என்பதற்காக வந்தது. மீதி, “பக்கத்து வீட்டுப் பிள்ளை பைக்ல போகுது, நம்ம பிள்ளை பஸ்ல தொங்குதே” என்று வீட்டில் எழுந்த பேச்சால் வந்தது. எந்தக் கடனில், எந்த இன்சூரன்ஸில் என்று கேட்டால் இரு தரப்புக்கும் பதில் தெரியாது.

கைக்காசு இருந்தால் பேச்சே இல்லை. நகைக்கடனில் வாங்கினால் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் ஏறாது. தவணை தவறினாலும் வண்டியைத் தேடி யாரும் வரமாட்டார்கள், நகைதான் ஏலத்துக்குப் போகும். வங்கி வாகனக் கடனில் அலைச்சல் அதிகம், வட்டி பெரும்பாலும் குறைவு. பழைய 100 சிசி வண்டி வாங்குகிறவர், முந்தைய கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பார்த்து, 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றக் கேட்டுவிட வேண்டும். என் ஓட்டு இந்தப் பழைய வண்டிக்குத்தான். மோட்டார் கிளெய்ம் வேலையில் தலை நரைத்தவன், அப்படித்தான் சொல்வேன்.

நான் பயப்படுவது ஷோரூமிலேயே முடித்துத் தரும் ‘ஜீரோ டவுன் பேமென்ட்’டுக்கு. ஒரு கணக்குப் போடுவோம். ஷோரூம் விலை 1,05,000. வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்த்து 1,25,000. அத்தனையும் கடன், 10 சதவீத ‘ஃப்ளாட்’ வட்டி, 36 மாதம். தவணை சுமார் 4,514 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டி குறையாததால், உண்மை வட்டி ஏறக்குறைய 18 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இந்த உண்மை வட்டியைக் கடன் விவரத் தாளில் காட்டியாக வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்று தவணை கட்டிய பிறகு வண்டி களவு போகிறது என்று வையுங்கள். இன்சூரன்ஸ் மதிப்பு ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து 99,750. கடனில் நிற்பதோ 1,17,000 பக்கம். இன்சூரன்ஸ் பணம் முதலில் ஃபைனான்ஸ்காரருக்குப் போகும். வண்டியும் போய், 17 ஆயிரம் கைக்காசும் கட்ட வேண்டும். ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இந்தப் பள்ளத்துக்காகவே இருக்கிறது. கேட்காதவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய பள்ளம் இரண்டாம் வருடத்தில். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். நம் வண்டி மோதி அடிபட்டவருக்கான பாதுகாப்பு அது. நம் வண்டிச் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பெரும்பாலும் ஒரே வருடம். “அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்குல்லா சார்” என்று புதுப்பிக்காமல் விடுவார்கள். போலீஸ் கேட்பதும் தேர்ட் பார்ட்டி மட்டுமே என்பதால் நினைவூட்ட ஆளில்லை. 14 தவணை கட்டிய பிறகும் 84 ஆயிரம் அசல் நிற்கும். அன்று வண்டி போனால் கிடைப்பது சைபர்.

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி மூழ்கிய வண்டிக்கு ஓன் டேமேஜ் பணம் தரும், தேர்ட் பார்ட்டி தராது. ஓன் டேமேஜ் இருந்தாலும், தண்ணீர் புகுந்த இன்ஜினை உதைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் அந்தச் சேதத்தைக் கம்பெனி மறுக்கக்கூடும். தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுத்து, தகவல் சொல்வதே வழி.

வருமானம் இல்லாத மாணவனுக்குப் பெரும்பாலும் கடன் கிடைக்காது. அப்பா பெயரில்தான் எல்லாம். உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு, லைசென்ஸோடு அப்பா ஓட்டும்போது அப்பாவுக்குத்தான். மகன் விழுந்தால் அதில் ஒன்றும் வராது. அவனுக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி அடுத்தவரை இடித்தால், கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அப்பாவிடமே வசூலிக்கலாம்.

பாபநாசம் மலைப்பாதைக்கு ஏற்ற வண்டி வேறு, டவுன் ரதவீதி நெரிசலுக்கு ஏற்றது வேறு. உங்கள் கை எதற்குப் பழகியிருக்கிறது, தினமும் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள் தம்பிகளே. கூட்டாளியின் வண்டியைப் பார்க்காதீர்கள். ஆறு மாதம் பொறுங்கள். அந்த 4,514 ரூபாயை மாதாமாதம் அஞ்சலகத்தில் போடுங்கள். இரண்டு மாதம் தவறினால் தவணையும் தவறும் என்று அப்போதே தெரிந்துவிடும். தவறாவிட்டால் 27 ஆயிரம் முன்பணம் கையில் இருக்கும். களவுக் கணக்கில் பார்த்த 17 ஆயிரம் பள்ளமும் இருக்காது.

கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும், ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குங்கள். பாலிசியிலும் அவர் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.