மண்ணும் ரேந்தையும் சொல்லும் வரலாறு

பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளி காணும் தாமிரபரணியை அறியாதார் யார்? ‘மலையடிவாரத்திலுள்ள நம் சிற்றூருக்கும் பரந்த உலகுக்கும் என்ன தொடர்பு?’ என நாம் எண்ணலாம். மண்ணைக் கேட்டால் விடை கிடைக்கும்.

புதைந்த பொருள்களைக் கொண்டு பழமையை அறிவது தொல்லியல். ஏடுகள் எழுதப்பட்ட காலத்தையும் இவ்வாறு ஆராய்வது வரலாற்றுக்காலத் தொல்லியலாகும். 1847இல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் மார்மன் சபையார் குடியேறினர். நேரான தெருக்களை வகுத்து, வாய்க்கால் வெட்டி, பிறரை எதிர்பாராது வாழ விரும்பினர். ஆயினும் அவர்கள் வாழ்ந்த இடங்களில் இங்கிலாந்துப் பீங்கான் துண்டுகள் கிடைக்கின்றன. உலகை விட்டு ஒதுங்கியவர் வீட்டிலும் உலகம் புகுந்துவிட்டது!

நெல்லைச் சீமையிலும் சமயக் குடியிருப்புகள் எழுந்தன. 1799இல் முதலூர் தோன்றியது. 1841இல் ஆங்கிலிக்கன் சபைக் குருவான கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து, தேரிமணலிடையே ஊரைத் திருத்தி அமைத்தார். அவர் எழுப்பிய ஆலயம் 1880இல் நிறைவுற்றது.

அவர் மனைவி எலைசா அம்மையார் அங்குள்ள பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். ‘ரேந்தை’ என்னும் சொல்லே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. பனையேறும் குடும்பத்துப் பெண்கள் பின்னிய ரேந்தை, ஐரோப்பியர் ஆடைகளை அழகு செய்தது. அதனால் அப்பெண்கள் கைக்குச் சொந்த வருவாயும் வந்தது.

கால்டுவெல் தாமே அகழ்ந்தும் பார்த்தவர். நம் ஆறு கடலைச் சேரும் பகுதியில், கொற்கையையும் பழைய காயலையும் ஆராய்ந்து 1877இல் கட்டுரை வெளியிட்டார். காயலில் அவர் கண்டவற்றுள் சீனப் பீங்கான் துண்டுகளும் உண்டு. ஆற்றின் முகத்துவாரத்துக்கு அன்றே உலகம் வந்துவிட்டது. ஆற்றின் தலைப்புக்கோ 1880களில் வந்தது. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீரின் விசையால் நூற்பாலையை இயக்கினர்.

தோழியரே! கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை உண்டு. ரேந்தை பின்னிய நம் மூதாட்டியரின் பெயர்களோ ஏடுகளில் அரிதே. அவர்கள் ஊசியும், உடைந்த கோப்பையும், பெட்டியடியில் மடித்து வைத்த ஒரு துண்டு ரேந்தையுமே அவர்களுக்குச் சாட்சி. ஆகவே பழம்பொருள் என்று எதையும் எறியுமுன், ‘இது யாருடையது, எங்கிருந்து வந்தது?’ என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்போம். எளியோரின் வரலாற்றைக் காப்பதும் இறைவனுக்கு உகந்த பணியன்றோ!